பன்னெண்டு மணிக்குத் தொறக்குற வாயி

வா மாப்ள, உக்காரு. காப்பி குடிக்கிறியான்னு கேக்க மாட்டேன். கேட்டா என் மூஞ்சியப் பாக்காம மணியப் பாப்ப. இப்ப பத்தே கால். உன் வாயி தொறக்க இன்னும் ஒண்ணே முக்கா மணி நேரம் கெடக்கு.

உங்கம்மா வந்து இந்தத் திண்ணையில மூக்கச் சிந்திட்டுப் போனா. "அண்ணா, பையன் ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத் தண்ணியத் தவிர எதையும் தொட மாட்டேங்கிறான். காலையில இட்லி வெச்சா இட்லியப் பாக்காம போனப் பாக்குறான். யாராவது ஏதாச்சும் வெச்சுட்டாங்களா?"ன்னு கேட்டா. யாரும் வைக்கல தாயி, அதுக்குப் பேரு பதினாறுக்கு எட்டு, பதினாறு மணி நேரம் சும்மா இருந்துட்டு எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்கறது, அந்த எட்டுக்கு ஜன்னல்னு பேரு, பெங்களூரு பூரா இதான் பண்றாங்கன்னு நாந்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. என் பேத்தி போன்ல படிச்சுத் தமிழ்ல சொல்லுவா. நான் பெருசா படிக்காதவன். ஆனா படிச்சவங்களக் குறுக்கு விசாரணை பண்ணத் தெரிஞ்சவன்.

எடை கொறைக்கத்தானேடான்னு கேட்டா, "இல்ல மாமா, சுயக்கட்டுப்பாட்டுக்கு"ங்கற. அங்கதான் எனக்குக் காது வெடைச்சுது. எடைன்னா தராசு சொல்லிடும். கட்டுப்பாட்ட எதுல நிறுப்ப?

எங்க பாட்டி வெளக்கு வெக்கறதுக்குள்ள உண்டு முடிச்சிருவா. மறுநாள் மாட்டுச் சாணி அள்ளி, தண்ணி எறச்சு, பத்து மணிக்கு மேலதான் கேவுரு களி உருண்டையும் கீரைக் கொழம்பும். கணக்குப் போட்டா உன் பதினாறு சரியா வருது. உடனே "பாத்தியா மாமா, நம்ம முன்னோரு"ன்னு ஆரம்பிச்சுராத. அது விரதம் இல்லடா, இல்லாமை. வெளக்குக்கு மண்ணெண்ணெய் இல்ல, காலையில அடுப்புல வெக்க மாவு இல்ல. இல்லாதவ சாப்பிடாம இருந்ததுக்கும், ஃப்ரிட்ஜ் நெறைய வெச்சுக்கிட்டு நீ சாப்பிடாம இருக்கறதுக்கும் ஒரே பேரு வெச்சா அந்தக் கெழவி எழுந்து வந்து ஒதப்பா. உன்னுதுதான் கஷ்டம்னு கூடச் சொல்லுவேன். அவளுக்கு வேற வழி இல்ல. உனக்கு ஓசூர் ரோட்டுல அடிக்கு ஒரு பிரியாணி கடை இருக்கு.

சரி, அந்த ஜப்பான்காரரு. யோஷினோரி ஓசுமி. 2016-ல நோபல் பரிசு வாங்கினவரு. பட்டினி போட்டா உடம்புல இருக்கற செல்லு தன் குப்பையத் தானே தின்னு சுத்தம் பண்ணிக்குதுன்னு கண்டுபிடிச்சாருன்னு, ஊட்டுல எல்லாரையும் உக்கார வெச்சு வகுப்பு எடுத்தியாம். பெரிய மனுசன், கும்பிட்டுக்கறேன். ஆனா அவரு பட்டினி போட்டுப் பாத்தது ஈஸ்ட்ட. ஆப்ப மாவுல கலப்பாங்களே, அது. நீ ஆப்பமாடா?

மனுசங்கள வெச்சும் பாத்திருக்காங்க. 2022-ல சீனாவுல, குவாங்சோ ஊர்ல, 139 பேர ஒரு வருசம் வெச்சுப் பாத்தாங்களாம். எல்லாருக்கும் சாப்பாட்டு அளவக் கொறச்சாச்சு. அதுல பாதிப் பேரு காலையில எட்டுலேருந்து சாயங்காலம் நாலுக்குள்ள மட்டும் சாப்பிடணும், மீதிப் பேரு எப்ப வேணாலும் சாப்பிடலாம். கடைசியில எடை கொறஞ்சதுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் எதுவும் இல்ல. அளவுதான் வேலை செஞ்சுது, கடியாரம் இல்ல. அப்ப கடியாரத்தால ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. அத நீ தேடற எடம்தான் தப்பு.

2018-ல ரம்ஜான் மாசம் மே பாதியில ஆரம்பிச்சு ஜூன் பாதி வரைக்கும் போச்சு. காவேரிப்பட்டினத்துல அது என்ன நேரம்? மாங்கா மண்டி தூங்காத நேரம். நான் அப்ப மண்டியில கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். பக்கத்துல ஒரு பாய். விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பிட்டு வந்து உக்காருவாரு. செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவான்னு கூடை கூடையா வந்து எறங்கும். வெளியூர் யாவாரி ருசி பாக்கணும்பான். பாய்தான் கத்தி எடுத்துத் துண்டு போட்டுக் குடுப்பாரு. சாறு முழங்கை வரைக்கும் வழியும். துண்டுல தொடைச்சுக்குவாரே தவிர வெரல வாய்க்குக் கொண்டு போக மாட்டாரு. தகர ஷெட்டு, மே மாச வெயிலு, நாக்குல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. நான் பாவி, பக்கத்துல உக்காந்து கொட்டைய சப்பிக்கிட்டிருப்பேன்.

ஒரு நாள் கேட்டேன்: "எப்படி பாய் அடக்கறீங்க?" அவரு சிரிச்சாரு. "நான் எங்கங்க அடக்கறேன்? அடக்கணும்னு உக்காந்தா காலையில பத்து மணிக்கே தோத்துருவேன். பிறை தெரிஞ்ச அன்னிக்கே பேச்சு முடிஞ்சுபோச்சு. அப்பறம் தெனம் தெனம் ஓட்டெடுப்புக் கெடையாது"ன்னாரு.

பல்ல கடிச்சுக்கிட்டு மாம்பழத்தோட மல்லுக்கட்டறதுதான் வைராக்கியம்னு நெனச்சுக்கிட்டிருந்தவன் நான். அவரு சண்டையே போடல. முடிவு மண்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. ஊட்டுல எல்லாரும் நோன்பு, தெருவுல எல்லாரும் நோன்பு, சாயங்காலம் பள்ளிவாசல்ல கஞ்சி காத்துக்கிட்டிருக்கு. தனியா ஒரு மனுசன் இழுத்துப் புடிக்கற கயிறு இல்ல அது.

இதையே ஜெர்மனிக்காரங்க வேற மாதிரி பாத்தாங்க. 2012-ல வந்த ஆராய்ச்சி. 205 பேரு கையில போனக் குடுத்து, ஒரு நாளைக்கு ஏழு தரம் மணியடிச்சு, இப்ப என்னாத்து மேல ஆசை, அத அடக்கினியா உட்டியான்னு கேட்டாங்க. கட்டுப்பாடு உள்ளவன்னு பேரெடுத்தவன் நாளெல்லாம் ஆசையோட குஸ்தி போடுவான்னுதானே நெனப்போம்? அவனுக்குத்தான் குஸ்தியே கம்மியா இருந்துச்சாம். ஆசை வர்ற சந்துக்குள்ளயே அவன் போறதில்ல போலிருக்கு. நம்ம பாய் கதையோட ஒத்துப்போகுதா?

இன்னொண்ணும் இருக்கு, கேளு. 1998-ல அமெரிக்காவுல ராய் பாமெய்ஸ்டர்னு ஒருத்தரு, காலேஜ் பசங்களப் பசியோட வரச் சொல்லி, அப்பத்தான் சுட்ட பிஸ்கட்ட மூக்குக்கு நேரா வெச்சு, சில பேர மட்டும் நீ முள்ளங்கியத்தான் தின்னணும்னுட்டாரு. அப்பறம் விடையே இல்லாத ஒரு புதிரக் குடுத்தா, முள்ளங்கி தின்னவன் சீக்கிரமே போடா நீயும் உன் புதிரும்னு எழுந்துட்டான். ஆக, கட்டுப்பாடுங்கறது வண்டி டாங்கி பெட்ரோலு மாதிரி, ஒரு பக்கம் செலவானா இன்னொரு பக்கம் தீந்துடும்னு வருசக்கணக்கா பாடம் நடத்தினாங்க. 2016-ல 23 ஆராய்ச்சிக் கூடம் ஒண்ணு சேந்து, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர வெச்சு அந்தக் கருத்தத் திரும்பச் சோதிச்சா, பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால, "பதினாலாவது மணியில பசி, அதான் மாமா பொண்டாட்டி மேல எரிஞ்சு உழுந்துட்டேன்"னு சொன்னியே, அந்தச் சாக்கு இனிமே செல்லாது. பசிச்சா கோவம் வரும், வாஸ்தவம். ஆனா அதே பதினாலாவது மணியில சூப்பர்வைசர் கிட்ட நீ எரிஞ்சு உழறதில்லையே? அப்ப மட்டும் கட்டுப்பாடு எந்த ஊர்லேருந்து பஸ் ஏறி வருது?

வயித்துக்குப் போட்ட பூட்டு தானா மத்த கதவையும் பூட்டிடும்னு நெனக்கற பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு. நீ பதினாறு மணி நேரம் வாயக் கட்டின. சந்தோசம். அந்தப் பதினாறுல எத்தன மணி நேரம் கட்டவெரலு சும்மா இருந்துச்சு? கம்பெனி பஸ்சுல ஏறினதுலேருந்து எறங்கற வரைக்கும் ரீல்ஸு. ராத்திரி பதினோரு மணிக்கு, பசியில தூக்கம் வராம, வட்டியில்லாத தவணைன்னு சொன்னான்னு ஒரு வாட்ச்ச ஆர்டர் போட்ட. எதுக்கு? எத்தன மணி நேரம் பட்டினின்னு காட்டறதுக்கு! வயித்துல மிச்சம் புடிச்சத வங்கியில வாந்தியெடுத்தாச்சு.

உன் கூட்டாளி ஒருத்தன் இருக்கானே, புரட்டாசி மாசம் பூரா கவுச்சி தொடமாட்டேன்னு நெத்தியில நாமம் போட்டுக்கிட்டுத் திரிவான். சனிக்கெழம சாயங்காலமானா ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டி அத்திப்பள்ளியில நிப்பான். கேட்டா பெருமாளு தமிழ்நாட்டு எல்லைக்குள்ளதான் பாப்பாருங்கற மாதிரி ஒரு சிரிப்பு. திருப்பதி எந்த மாநிலத்துல இருக்குன்னு அவனுக்கு யாராவது சொல்லணும்.

விரதத்துக்குள்ளயே ஆசை நொழையற இந்த நோயி இன்னிக்கு நேத்து வந்ததில்ல. காந்திக்கே வந்துச்சு. பட்டினி கெடந்து எழுந்தா பசி கூர்மையாகி, சாப்பாடு முன்னவிட ருசிக்குதேன்னு கண்டுபுடிச்சாரு. ஆசைய அடக்கற ஆயுதத்த ஆசைய வளக்கவும் பயன்படுத்தலாம் போலிருக்கேன்னு சுயசரிதையில மறைக்காம எழுதினாரு. நீ பன்னெண்டு அடிச்சதும் நிப்பட்டுப் பாக்கெட்ட எப்படிப் பிரிக்கறேன்னு உங்கம்மா நடிச்சே காட்டினா. பல்லால கிழிக்கறியாமே. நம்மூரு நிப்பட்டு மேல எனக்கும் பிரியம்தான், ஆனா நாள் பூரா தவமிருந்து எண்ணெயிலயா கண்ணு தொறக்கறது?

ஆனா ஒண்ண ஒத்துக்கணும். பட்டினி ஒரு பாடம் சொல்லிக் குடுக்குது, அத வேற எதுவும் இவ்வளவு மலிவா சொல்லிக் குடுக்காது. பசி ஏறிக்கிட்டே போகாது. வழக்கமா சாப்பிடற நேரத்துக்கு வரும், கதவத் தட்டும், தொறக்கலேன்னா கொஞ்ச நேரத்துல போயிடும். கிரெலின்னு ஒரு சுரப்பாம், வயித்துலேருந்து வருது, பழகின நேரத்துக்கு ஏறி, சாப்பிடாட்டியும் எறங்கிடுதாம். எனக்கு அந்தப் பேரெல்லாம் வேணாம். தோப்புக் குத்தகை எடுத்த காலத்துலயே எனக்கு இது தெரியும். கிளிமூக்கு மாங்கா முத்தறதுக்கு முன்னாடி ஒரு வாரம் இருக்கு பாரு, அதுதான் குத்தகக்காரனுக்கு நரகம். காத்து அடிச்சா உதிந்துருமோ, ஆலங்கட்டி உழுமோ, பக்கத்துத் தோப்புக்காரன் பறிச்சுட்டான், மாங்கூழ் ஆலையில வெல எறங்கிடுமோன்னு கையி அரிக்கும். அரிப்புக்குப் பறிச்சவன் சரக்கு முத்தாம, கல்லு வெச்சுப் பழுக்கப் பாத்து, அதிகாரி கிட்ட மாட்டுவான். பொறுத்தவனுக்கு அந்த அரிப்பு ரெண்டு நாள்ல தானா அடங்கிடும். காத்துல கொஞ்சம் போகும்தான், அதுக்காக மரம் எங்கயும் ஓடிடாது.

அந்த வாட்ச்ச ஆர்டர் போட்ட ராத்திரி உனக்கு இருந்ததும் அதே அரிப்புதான். கதவத் தட்டுச்சு. வயித்துக் கதவுன்னா தட்டிட்டுப் போகட்டும்னு இருந்திருப்ப. பர்சுக் கதவுன்னதும் ஓடிப்போய்த் தொறந்துட்ட. வயித்த வெச்சுக் கத்துக்கிட்டத அங்க கொண்டுபோய் வெச்சுப் பாரு. நாளைக்கு வாங்கிக்கலாம், காலையில எட்டு மணிக்கு மேலதான் ஆர்டருன்னு பொழுது இருக்கும்போதே முடிவு பண்ணிட்டு, போன சாமி அலமாரியில வெச்சுட்டுப் படு. ராத்திரி பதினோரு மணிக்கு ஓட்டெடுப்பு வெச்சா நீ தோப்ப, அங்க ஓட்டுப் போடறது பூரா வேற ஆளு.

அப்பறம் இத வெளயாட்டுக்குச் சொல்லல. உன் அப்பனுக்குச் சக்கரை இருக்கு. உன்னப் பாத்து அவரும் காலையில மாத்திரையப் போட்டுக்கிட்டு இட்லிய உட்டுட்டாராம். சக்கரை மாத்திரையில சிலது, சாப்பாடு இல்லாம உள்ள போனா ரத்தச் சக்கரைய மடமடன்னு எறக்கிடும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ரோட்டுலயே உழுவாரு. டாக்டரக் கேக்காம அவரு ஒரு வேளையும் உடக்கூடாது. உன் பொண்டாட்டி மாசமா இருக்கா, அவ பக்கம் இந்தப் பேச்சையே எடுக்காத. நீயும் ஜாக்கிரதையா இரு. பிரஸ் மெஷின்ல நிக்கறவன், ராத்திரி ஷிப்டு வர்ற வாரம் இந்தக் கணக்கெல்லாம் தலகீழா ஆயிடும், அப்ப கண்ணு இருட்டினா போறது உன் வெரலு. அந்த வாரம் ஒழுங்கா சாப்பிடு. விரதத்துக்கு லீவு உட்டா சாமி குத்தம் கெடையாது. பாய் கூட, நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்புல விலக்கு இருக்கு, அப்பறம் ஈடு கட்டிக்கலாம்பாரு. கடவுளே விலக்குக் குடுத்திருக்காரு, உன் போன்ல இருக்கற ஆப்பு என்ன அவருக்கும் மேலயா?

இன்னொண்ணு, நான் விரதம் நான் விரதம்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத. கல்யாண ஊட்டுல பந்தியில உக்காந்துக்கிட்டு, "எனக்கு எலை போடாதீங்க, என் ஜன்னல் இன்னும் தொறக்கல"ன்னியாமே? சமையக்காரரு பாவம், நெசமாவே எழுந்து போய் ஜன்னலத் தொறந்து உட்டாராம்.

சரி, பேசிப் பேசியே பன்னெண்டு ஆயிடுச்சு பாரு. உங்க அத்தை களி கிளறி எறக்கிட்டா. கை கழுவிட்டு வா. அதுக்கு முன்னாடி அந்த போன இப்படிக் குடு. அட, குடுடா! பதினாறு மணி நேரம் சோத்த உட்டவனுக்கு, ஒரு களி உருண்ட முழுங்கி முடிக்கற வரைக்கும் இத உட முடியாதா? மொறைக்காத. மணி அடிச்சா நான் எடுத்துப் பேசறேன். லோன் குடுக்கறவனா இருந்தா, எனக்கும் ரெண்டு லட்சம் கேட்டுப் பாக்கறேன்.