எஃப் 1.8 அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போனால், சர்க்கரைக்குப் பயந்து நடப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களை நம்பி அருகம்புல் சாறு விற்பவர்களைப் பார்க்கலாம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒருவர் தரையில் குப்புறப் படுத்திருப்பார். பதறிப்போய் 108-க்கு போன் போட்டுவிடாதீர்கள். அவர்தான் நம் கேமரா அண்ணன். சூரியன் பாறைக்கு மேலே வருகிற நேரம், ‘லோ ஆங்கிள்’ பார்க்கிறார்.

வார நாட்களில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவர். சனிக்கிழமை ராத்திரி பேட்டரியை சார்ஜில் போட்டதும் ஆளே மாறிவிடுவார். சட்டையில் பன்னிரண்டு பாக்கெட். லென்ஸ் மூடி எதில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. வாஷிங் மெஷின் வாங்க மூன்று வருஷம் யோசித்தவர், 85 எம்.எம். லென்ஸை மூன்று நிமிஷத்தில் வாங்கினார். அண்ணியிடம் சொன்ன விலையில் ஒரு சைபர் குறைவு.

அந்த லென்ஸின் அபர்ச்சர் எஃப் 1.8 வரை திறக்கும். அவ்வளவு அகலமாகத் திறந்தால் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும். பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். வாங்கிய நாளாக அண்ணன் அதை வேறு எண்ணுக்கு நகர்த்தியதில்லை. “காசு குடுத்து வாங்குனதே பேக்ரவுண்டை அடிக்கத்தானேப்பா!”

ரொமேன் ரோலான் வீதியின் மஞ்சள் சுவருக்கு முன்னால், கல்யாண ஜோடிகளின் வரிசையில் இடம்பிடித்துத் தங்கை மகனை நிறுத்துவார். “சிரிக்காதடா. சிரிச்சா ஸ்டுடியோ போட்டோ ஆயிடும். எதையோ தொலைச்சவன் மாதிரி தூரத்துல பாரு.” பையன் கேட்டது வேலை விண்ணப்பத்துக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். கிடைத்தது பாதி முகம் இருட்டில் கிடக்கும் கறுப்பு வெள்ளை. விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. அத்தை ஒருவர் மட்டும் தன் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்குடா. பத்திரமா வை. நான் போனதும் இதையே மாட்டிடுங்க” என்றார். அண்ணன் வாங்கிய ஒரே விருது அது.

குறை சொன்னால் வரலாற்றுக்குத் தாவுவார். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் இந்த ஊருக்கு வந்து, நெடுங்காலமாகப் படமெடுக்க இணங்காத அரவிந்தரை எடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். இதைப் பக்கத்தில் நின்று பை தூக்கியவர் மாதிரி அண்ணன் விவரிப்பார். அவர் பிறந்தது அதற்கு இருபது வருஷம் கழித்து. பிரெஸோன் பெரும்பாலும் 50 எம்.எம். லென்ஸில், ஆளோடு அவர் இருக்கும் இடத்தையும் சேர்த்தே எடுத்தவர் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்.

மழை விட்டால் ஆள் மாடித் தோட்டத்தில். தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில் ஒரு பட்டாம்பூச்சிப் புழு. சின்னதாக இருக்கையில் காக்கை எச்சம் என்றுதான் நினைப்போம். பறவை கொத்தாமலிருக்க அந்த வேஷம். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பை நீட்டி நாற்றம் விடும். மேக்ரோ லென்ஸில் இத்தனை கிட்டே போனால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குத்தான் தெளிவு கிடைக்கும்; கண்ணைப் பிடித்தால் கால் போய்விடும். அண்ணன் மூச்சை அடக்கிக் குனிந்திருப்பார்.

“ரசம் கொதிக்குது. ரெண்டு இணுக்கு பறிச்சிக்கறேன்.”

“தொடாத! செடி ஆடிச்சின்னா அவ்வளவுதான்!”

ரசம் கறிவேப்பிலை இல்லாமலே இறங்கும். செடி மொட்டையானதும், அண்ணி காய்க்காரம்மாவிடம் கொசுறாக வாங்கி வந்த கறிவேப்பிலையையும் புழுவுக்கே வைத்தார் அண்ணன். அன்றைக்கு வீட்டில் நடந்ததற்குப் படம் இல்லை.

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் ‘மேரி’ எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். ஊரே பழைய படம் தேடியபோது எல்லோரும் அண்ணன் வீட்டுக்குத்தான் ஓடினார்கள். ஹார்டு டிஸ்கில் மேரி இருந்தது, நிறையவே இருந்தது: தங்கை மகளின் காதுக்குப் பின்னால் ஒரு மங்கல் திட்டாக; தும்பியின் இறக்கைக்குப் பின்னால் இன்னொரு திட்டாக. “பொக்கே எப்படி விழுந்திருக்கு பாரு” என்றார் அண்ணன். கட்டடத்தைப் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அண்ணன் அதற்கும் 1.8-லேயே போய் வந்தார்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், செயின்ட் லூயி வீதியில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் புகைப்படக்காரர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்த கோயில் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கலைப்படம் எடுக்கவேண்டும் என்று கிளம்பியவர்கள் அல்லர். சாமியை நேரே நின்று, விரல் தெரிய, பீடம் தெரிய எடுத்தார்கள். களவுபோன சிலைகள் வெளிநாட்டில் அகப்பட்டபோது, ‘இது எங்கள் கோயிலுடையது’ என்று காட்ட அந்தப் படங்கள்தான் உதவின.

ஆகவே, கேமரா வைத்திருக்கும் அண்ணன்மாரே, புழுவை எடுங்கள், அத்தையை எடுங்கள், குப்புறப் படுத்து சூரியனையும் எடுங்கள். போகிற போக்கில் அபர்ச்சரை ஒரு தடவை எட்டுக்கோ பதினொன்றுக்கோ தள்ளி, பின்னால் நிற்கும் வீட்டையும் தெளிவாக ஒன்று எடுத்துவிடுங்கள். லென்ஸுக்கு இரண்டு வருஷம் கியாரண்டி உண்டு. வீட்டுக்கு அடுத்த மழை வரைக்கும்கூடக் கிடையாது.