காலாவதி ரசிகர்

விருந்துக்குக் கூப்பிட்டால் பழைய பட்டாளத்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருவாரே, அவர்தான். நியூ ஜெர்சியில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால் அதில் ஒருவராக இருப்பார். பொட்டலம் இணைய ஏலத்தில் பிடித்தது. விலையை மட்டும் மனைவி எதிரில் சொல்ல மாட்டார்.

உடனே பிரிப்பார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். முதலில் தேதி பார்த்தாக வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் எம்.ஆர்.இ. என்கிற தயார்ச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் தேதி நேராக இருக்காது. நாலு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண். மிச்சம் மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது. 4123 என்று கண்ணில் பட்டதோ இல்லையோ, ஜாதகக் கட்டம் கிடைத்த ஜோசியராகிச் சம்மணம் போட்டுவிடுவார்.

"நாலுன்னா எண்பத்து நாலா, தொண்ணூற்று நாலா?" நம்மைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொள்கிறார். "உள்ளே சாப்பாட்டைச் சூடாக்குற ஹீட்டர் இருந்தா தொண்ணூற்று நாலு சார். இல்லேன்னா எண்பத்து நாலு." பிரித்துப் பார்த்துவிடலாமே என்றால், "இருங்க, எண்பத்து நாலு லீப் வருஷமாச்சே" என்று விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். சமையலறையில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும். "மே ரெண்டு! எங்க அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம் சார் இது!" அக்காவுக்கு இது தெரியுமோ என்னவோ.

பிறகு தட்டில் பரப்புவார். கிராக்கர், பழுப்பேறிய சீஸ், தீப்பெட்டி, கழிவறைக் காகிதம். காகிதத்துக்கும் பாராட்டு உண்டு. ஹெர்ஷே கம்பெனியிடம் 1937-இல் பட்டாளம் சாக்லேட் கேட்ட கதை அப்போது வரும்: வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேலான ருசி போதும் என்றார்களாம். ருசியாக இருந்தால் ஆபத்து வருமுன்பே சிப்பாய் தின்று தீர்த்துவிடுவானாம்.

காப்பித்தூள் பொட்டலத்தை எடுக்கும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். "இதைக் குடிக்க வேண்டிய பையனுக்கு இப்ப அறுபது வயசிருக்கும்ல?" அந்த நேரத்தில் இவர்மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிடுகிறது.

இத்தோடு நிறுத்தினால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். அடுத்து அவர் பையிலிருந்து தனியாக ஒரு பழைய தகர டப்பா வெளியே வரும். ஓரம் துருப்பிடித்து, மூடி லேசாக வீங்கியிருக்கும். திறந்து, கண்ணை மூடி, ஆழ முகர்ந்து, "கொஞ்சம் சிக்கு வாடை. மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி ஒரு ஸ்பூன் நீட்டுவார்.

ஐயா, பொட்டுலிசம் நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. உம்முடைய மூக்கு எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்காது. வீங்கின டப்பாவைக் குப்பையில் போட வேண்டும். என் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற மேஜையில் திறக்கக் கூடாது. கிராக்கரைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வது உம் இஷ்டம். அந்த ஸ்பூனை முதலில் கீழே வையும். எங்களுக்குப் பசிக்கிறது.