பில்லைக் கசக்கிப் போடு, பேராண்டி

பொருளு வாங்கறதுல உன்ன மாதிரி கெட்டிக்காரன் வேப்பம்பட்டுலயே இல்லடா பேராண்டி. கிண்டல் பண்றன்னு நெனச்சுக்காத. யூனிட்டு ரயிலு திருநின்னவூர்ல கெளம்பி நம்ம ஸ்டேஷன்ல நிக்கறதுக்குள்ள செல்போன்ல ரெண்டு சாமான் வாங்கிப்புடற. நாங்க ஒரு மம்முட்டி வாங்கணும்னா திருவள்ளூர் போயி, நாலு கடை ஏறி, தட்டிப் பாத்து, சத்தம் கேட்டு, வெல பேசி, கோச்சிக்கினு எறங்கி, கடக்காரன் கூப்ட்டப்பால மறுபடி ஏறி வாங்குவோம். அம்மாம் நேரமும் வீணு. நீ வெரல வெச்ச, வந்துது. வந்த வாரமே ஒடஞ்சுது. அதுலயும் வேகந்தான்.

தூண்டிலு சமாச்சாரத்துக்கே வருவோம். ஒன்னுக்குள்ள ஒன்னு நொழையிற கழி, பளபளன்னு ரீலு, தொப்பி, கையுற, கண்ணு முழிச்சிக்கினு ஒரு பிளாஸ்டிக்கு மீனு. நெஜ மீனத் தவிர எல்லாம் டப்பாவுல வந்துது. நானும் பாத்தன், ஏரிக்கரையில நீ நின்ன நிப்பு! சினிமாக்காரன் வந்திருக்கான்னு ஆடு மேய்க்கற புள்ளைங்க கூடிருச்சி. எனக்கு ஒரு மூங்கில் கழி, நைலான் நரம்பு, முள்ளு, துளி ஈயம், நெட்டித் தக்கை. தக்கை முழுகுச்சின்னா இழு, அவ்ளோதான் பாடம். உன் ரீலுக்கு மட்டும் தனியா வீடியோ பாத்து படிக்கணுமாம்.

ஜிலேபிக் கெண்டை கீதே, அது நம்ம ஊரு மீனே இல்ல. ஆப்பிரிக்கா சரக்கு. 1952லதான் இந்தியாவுக்குக் கொண்ணாந்து வுட்டாங்க. வுட்டது வுட்டதுதான், இன்னிக்கி எந்தக் குட்டையப் பாத்தாலும் அதுதான். மண்புழுவு, மைதா உருண்டை எதப் போட்டாலும் வாயத் தொறக்கிற ஜாதி. அதுவே உன் பிளாஸ்டிக்கு மீனப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கினு போச்சே, கவனிச்சியா? விரால் புடிக்கணும்னா உசுரோட தவளை வேணும். தவளைய செல்போன்ல எவனும் விக்கல போல, அதான் உனக்குத் தெரியல. ஏரிய குத்தகைக்கு எடுத்தவன் அங்க நின்னிருந்தும் உன்னத் தொரத்தல பாரு. உன்னால அவனுக்கு நஷ்டமில்லன்னு தூரத்துலயே கண்டுக்கினான்.

சரி, ரீலு ஒடஞ்சிருச்சி. மீனு இழுத்தா? இல்ல, ஆகாயத்தாமர வேரு இழுத்து. உள்ள பல்லுச் சக்கரம் பிளாஸ்டிக்கு. கம்பெனிக்குப் போன் போட்டா, அந்த பார்ட்டு தனியா வராது, புதுசா வாங்கிக்கன்னான். உன் மச்சான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஷிப்டு பாக்கறான், உன் சிநேகிதன் காக்களூர் எஸ்டேட்டுல லேத்து ஓட்டறான். இந்த ஜில்லாவுல ஒரு பல்லுச் சக்கரம் செய்ய ஆளா இல்ல? ஆளு கீறான், ரீலத் தொறக்கத்தான் வழியில்ல. ஸ்குரு போட வேண்டிய எடத்துல கோந்து போட்டு ஒட்டி வெச்சிருக்கான் மவராசன். ரிப்பேர் பண்ணிக்கிறது ஜனங்களோட உரிமைன்னு டெல்லிக்காரங்க 2022 டிசம்பர்ல ஒரு வெப்சைட்டே தொறந்தாங்க. எந்தக் கம்பெனி பொருள எங்க சரி பண்ணலாம்னு அதுல பாக்கலாம். நீதான் ராத்திரி பூரா செல்போன நோண்டறியே, அங்க மட்டும் வெரலு போவலியே!

ஃபேனு கதையும் இதுதான். 2023 ஜனவரியிலிருந்து ஃபேனுக்கும் நட்சத்திர முத்திர கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. நீ கடையில போயி, பொண்ணுக்கு மாப்ள பாக்கற மாதிரி நட்சத்திரம் பாத்து, அஞ்சும் பொருந்துதுன்னு வாங்கியாந்த. அது கரண்டு கம்மியா குடிக்கும்னு சொல்ற முத்திரைடா. ஆயுசுக்கு அவன் பொறுப்பு ஏத்துக்கல. என் பழைய ஃபேனு நின்னா எலக்ட்ரீசியன் வந்து கண்டென்சரு மாத்துவான், டீ குடிப்பான், ஓடும். உன்துல உள்ள ஒரு போர்டு போச்சாம், போர்டு வர ரெண்டு மாசமாம். அதுக்குள்ள ரிமோட்டும் காணோம். கரண்டு மிச்சம்தான், நின்னுபோன ஃபேனு கரண்டே குடிக்காது.

ரிப்பேரு எம்மாம் பழைய வித்தைன்னு கேளு. நீ பூண்டி போயி ஏரி முன்னாடி நின்னு போட்டோ புடிச்சியே, அங்க கல்லு ஆயுதம் வெச்சிருக்கிற மியூசியம் உள்ள போனியா? போயிருக்க மாட்ட, அங்க டிஸ்கவுண்டு கிடையாது. பக்கத்துல அத்திரம்பாக்கத்துல 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட்டுன்னு ஒரு தொர கற்கோடாலி கண்டுபுடிச்சான். அங்க தோண்டிப் பாத்த சாந்தி பப்புவும் கூட இருந்தவங்களும் 2011ல சொன்னாங்க, அந்த ஆயுதங்களுக்கு ஏறக்கொறைய 15 லட்சம் வருஷம் வயசுன்னு. இந்த மனுச ஜாதியே அப்ப பொறக்கல. ஆனாலும் ரெண்டு பக்கமும் அளவாத் தட்டி, கைக்கு அடக்கமா செஞ்சிருக்கான். மொன மழுங்கினா அவனே இன்னும் ரெண்டு தட்டு தட்டிக்குவான். கஸ்டமர் கேரு லைன்ல காத்திருந்து பாட்டு கேக்கற பாக்கியம் அவனுக்கு இல்லாமப் போச்சி.

இப்ப பில்லுக்கு வருவோம். பில்ல பத்திரமா வெக்கிறது மகா பாவம். பஜ்ஜி எண்ணய தொடச்சிக் கசக்கிப் போடு, கம்பெனிக்காரனும் புள்ளகுட்டிக்காரந்தான? அட்டப் பெட்டிய அன்னிக்கே பழைய பேப்பர்காரனுக்குத் தூக்கிப் போடு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு கடக்காரன் கொட்ட எழுத்துல அடிச்சி வெச்சிருந்தா, கோயில் கல்வெட்டுன்னு நெனச்சிக் கும்புட்டுட்டு வந்துடு.

ஏன்னா பில்லு இருந்தா தொல்லடா. 2019ல போட்டு 2020 ஜூலையில அமலுக்கு வந்த நுகர்வோர் சட்டம் இன்னா சொல்லுது? பில்லு குடுக்காததே தப்பு. கோளாறான பொருள பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள திருப்பி எடுத்துக்கணும். கெடு போடலன்னா 30 நாளைக்குள்ள. மாட்டேன்னா அதுவும் தப்பு. செல்போன் வழியா விக்கிறவன் புகாரு வந்தா 48 மணி நேரத்துல வந்துதுன்னு பதிலு சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வெக்கணும். தீக்கலன்னா நுகர்வோர் உதவி நம்பரு 1915க்குப் போன் போடலாம். அதுக்கும் மசியலன்னா திருவள்ளூர்ல ஜில்லா நுகர்வோர் கமிஷன் கீது. கம்பெனி எந்த ஊர்ல இருந்தா இன்னா, நீ குடியிருக்கிற ஊர்லயே மனு போடலாம். 5 லட்ச ரூபா வரைக்கும் பொருளுக்குக் கட்டணமே இல்ல, வக்கீலு வெக்கணும்னு கட்டாயமும் இல்ல. கோளாறு வந்த நாள்லருந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும், அம்மாந்தான். மூணு மாசத்துல தீர்ப்பு, பொருள சோதன பண்ணணும்னா அஞ்சு மாசம்னும் எழுதிக் கீது. எழுதினது எழுதினபடி நடந்தா நம்ம ரயில்வே கேட்டு மேல மேம்பாலம் எப்பவோ வந்திருக்கணும். அதனால நாளு முன்ன பின்ன ஆவும். ஆவட்டுமே, தக்கையப் பாத்துக்கினு குந்தறவனுக்குப் பொறுமையா பஞ்சம்?

நீ இன்னா பண்ண? ஒடஞ்ச ரீலப் போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ்ல போட்டு, பக்கத்துல மூஞ்சி செவந்த பொம்மை ரெண்டு வெச்ச. உங்க சித்தி அதுக்கு கை கும்புட்டிருந்தா. கம்பெனிக்காரன் அரண்டு போயிருப்பான்.

நாளைக்கி கடுதாசி எழுதிக்கினு வா, நானே படிச்சிப் பாக்கறன். வாங்கின தேதி, குடுத்த காசு, ஒடஞ்ச வெவரம், போன்ல அவன் சொன்ன பதிலு, பில்லு நகலு. பில்லு காணோம்னா செல்போன்லயே கெடக்கும், தேடு. நஷ்டஈடு எம்மாம் கேக்கறதுன்னு யோசிக்கிறியா? மன உளைச்சலுக்குன்னு தனியா கேக்கலாம், வாஸ்தவந்தான். ஆனா அத எழுதறதுக்கு முன்னாடி ஊட்டுக்காரிய ஒரு வார்த்த கேட்டுடு. ஏரியில புடிச்சதுன்னு சொல்லிக்கினு மார்க்கெட்டுல ஜிலேபி வாங்கியாந்து குடுத்தியே, செவுள்ல ஐஸுக்கட்டி இருந்தத பாத்தவ அவ. அவ ஒரு மனு போட்டான்னு வெய்யி, எதிர்தரப்பு நீதான்டா.