பெரியப்பாவின் ஒஸ்டினும் மருமகனின் கொரோலாவும்

எழுபதுகளில் மட்டக்களப்பின் வெல்லாவெளியில் கார் வைத்திருந்த எவரும் எஞ்சினைத் திருத்துவதா, மாற்றுவதா என்று யோசித்ததில்லை. மாற்றுவதற்கு எஞ்சின் எங்கே இருந்தது? 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்ததும் அரசாங்கம் கார் இறக்குமதிக்குக் கதவைச் சாத்தியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை அது அரைகுறையாகத்தான் திறந்தது. முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட மொறிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும்தான் அந்தக் காலம் முழுவதும் ஓடின. எஞ்சின் புகைத்தால் கழற்ற வேண்டும், தேய்ந்ததைக் கடைய வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும். வேறு வழி கிடையாது.

எங்கள் பெரியப்பாவிடம் ஒஸ்டின் ஏ-40 சொமர்செற் ஒன்று இருந்தது. பழுகாமத்துப் போடியார் ஒருவரிடம் இரண்டு போக நெல்லை ஈடாகக் கொடுத்து வாங்கியது. 1,200 சி.சி. எஞ்சின், பற்றறி படுத்துவிட்டால் முன்னால் கம்பியை விட்டுச் சுற்றிக் கிளப்பலாம். கல்யாணத்துக்கும், பிள்ளைப்பேற்றுக்கும், மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கும் அதுதான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் ஓடிய ஹயர் கார். மைல்மானி 99,999ஐத் தொட்டுப் பூச்சியத்தில் இருந்து திரும்பத் தொடங்கியிருந்தது. எத்தனை தரம் அப்படித் திரும்பியது என்று பெரியப்பாவுக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்து எஞ்சின்கள் மைலால் மட்டும் சாவதில்லை. கோடையில் கிரவல் வீதியின் செம்புழுதி காற்றோடு உள்ளே போய் ரிங்குகளை அரைக்கும். வெள்ளாமை வெட்டும் காலத்தில் அதோடு வைக்கோல் தூசும் சேரும். மாரியில் வெல்லாவெளி–மண்டூர் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். காற்று இழுக்கும் குழாயளவுக்குத் தண்ணீர் ஏறினால், சிலிண்டருக்குள் அமுங்காத நீர் அகப்பட்டுக் கொனறொட் வளையும். போதாததற்கு வாவியின் உப்புக் காற்று. நகரத்தில் மெதுவாக நடக்கும் தேய்மானம் எங்களூரில் விரைவில் முடிந்துவிடும். ஆகவே எஞ்சினைத் திறப்பது எங்களூரில் எப்போதோ ஒரு தரம் நேரும் பெரிய சத்திரசிகிச்சையாக இருக்கவில்லை. சில போகங்களுக்கு ஒருமுறை நடக்கிற காரியமாக இருந்தது.

அந்தக் கைப்பழக்கம் எங்கே இருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அது காரில் படித்த பாடமல்ல, உழவு மெசினில் படித்தது. வட்டைகளில் அப்போது மசி பெர்குசன் 35ம் 135ம் உழுதன. அவற்றின் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் எஞ்சினில் சிலிண்டர்ச் சுவர் தனி உறையாக வரும். நாங்கள் லைனர் என்போம். தேய்ந்தால் உறையை இழுத்துவிட்டுப் புதியது அடிக்கலாம். அந்த எஞ்சினை இங்கிலாந்தில் வடிவமைத்தவர்கள் திருத்துவதை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். உழவு நின்றால் சோறு நிற்கும் என்பதால் கார்ச் சாமான் வராத நாளிலும் ட்ரக்டர்ச் சாமான் ஓரளவுக்கு வந்தது. அந்த லைனர்களை அடித்துப் பழகிய கைகள்தான் பெரியப்பாவின் ஒஸ்டினையும் திறந்தன. ஒஸ்டினின் சிலிண்டர் புளொக்கோடு சேர்ந்து வார்த்தது. அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, அடுத்த முறை 40 பங்கு என்று போர் பண்ணி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். அதற்கு மேல் கடைய இரும்பு இல்லை என்ற நிலை வந்தபோது, உழவு மெசினில் கண்ட உபாயத்தையே காருக்கும் செய்தார்கள்: பெரிதாகக் குடைந்து உள்ளே புது உறை அடித்து, முதல் அளவுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். வால்வுகளைக் கையாலேயே தேய்த்து இருத்தினார்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் கோலை உருட்டி, பசையிட்டு, மணிக்கணக்கில். அந்தக் கரகரப்பு மெல்ல மெல்ல வழுவழுப்பாக மாறும் ஓசையைக் கேட்டே வால்வு குந்திவிட்டதா என்று சொல்லும் ஆட்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அது பெரிய வித்தையாகவே தெரிகிறது.

1978 நவம்பர்ச் சூறாவளியில் மாமரம் விழுந்து ஒஸ்டினின் கூரை நசுங்கியது. தகரத்தை அடித்து நிமிர்த்தி ஓட்டினார் பெரியப்பா. 1990க்குப் பிறகு வேறு சோதனை. படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலங்களில் பட்டிருப்புப் பாலத்தடிக்கு இப்பால் எரிபொருளும் பற்றறியும் நினைத்தபடி வராது. யாழ்ப்பாணத்தில் செய்ததையே எங்கள் ஆட்களும் செய்தார்கள்: கொஞ்சம் பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஒஸ்டினில் அது நடந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் ஏழு மடங்குக்குச் சற்று மேல்தான் அமுக்கும். அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் முன்கூட்டியே பற்றி அடிக்காமல் ஏதோ எரிந்துவிடும். இன்றைய பெற்றோல் கார் எதுவும் அதைத் தாங்காது. ஆனால் எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ஒயில் நீர்த்துப்போகும், ரிங்கும் பெயாரிங்கும் காய்ந்து தேயும். போர் எஞ்சின்களையும் தின்றது.

கடைசியில் இற்றது எஞ்சின் அல்ல, உடல். அடித்தகடு துருவில் கரைந்து, இருக்கைக்குக் கீழே வீதி தெரியத் தொடங்கியதும் பெரியப்பா காரை நிறுத்தினார். எஞ்சினை மட்டும் இறக்கி, மரச்சட்டத்தில் பூட்டி, மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்போடு இணைத்தார். 2007 மார்ச்சில் ஷெல் வீச்சுக்குள் ஊரே கிளம்பிக் களுவாஞ்சிகுடிப் பக்கம் அகதியாய்ப் போகும் வரைக்கும் அது இறைத்தது. திரும்பி வந்தபோது மரச்சட்டம் மட்டும் கிடந்தது. பெரியப்பா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீடு, மாடு, நெல் என்று இழந்தவற்றின் வரிசையில் எஞ்சினுக்கு முன்னால் அழ வேண்டியவை நிறைய இருந்தன.

இனி இன்றைய கதை.

மருமகனிடம் இருப்பது தொண்ணூறுகளின் கொரோலா வேகன், டீ.எக்ஸ். வேகன் என்று நாடு முழுவதும் அறியப்பட்ட டீசல் வண்டி. உள்ளே 2சி எஞ்சின், 1,974 சி.சி. காலையில் ஆசிரியர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றுவதும், நோயாளிகளைக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் அவன் தொழில். மானி நாலு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. சில மாதங்களாகக் காலையில் கிளம்ப மறுக்கிறது. நீலப் புகை கக்குகிறது. கிழமைக்குக் கிழமை ஒயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. கராஜ் ஒன்றில் காட்டியிருக்கிறான். மூடியைத் திறந்து புகை வருவதைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களாம்.

“ரெண்டு நாள் வேலையாம் மாமா. இத இறக்கிப்போட்டு ஜப்பான் எஞ்சின் ஒண்டு ஏத்துறதாம். தெறக்கிற செலவு வீணாம்.”

பெரியப்பாவின் ஒஸ்டினில் உடலை விட்டோம், எஞ்சினை வைத்துக்கொண்டோம். இப்போது உடலை வைத்துக்கொண்டு எஞ்சினை எறியச் சொல்கிறார்கள். எஞ்சின் கிடைக்காத நாளில் ஊருக்குள் பலருக்குத் திருத்தத் தெரிந்திருந்தது. எஞ்சின் கிடைக்கிற நாளில், திறந்து பார்ப்பவரைத் தேடி அலைகிறோம். இதை நான் இளம் மெக்கானிக்மாரின் குறையாகச் சொல்லவில்லை. ஒரு எஞ்சினை முறையாகத் திருத்த வாரக்கணக்கில் இடம் மறிபடும். லேத்துக்கும் சாமானுக்கும் அலைய வேண்டும். வேலை பிழைத்தால் பழி அவர்கள் தலையில். மாற்றுவது சுலபம், கூலியும் உடனே வரும். என்றாலும் ஒன்றைப் பாராமலே எறியச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஜப்பான் எஞ்சின் என்பது பெரும்பாலும் நல்ல சாமான்தான், அதில் சந்தேகமில்லை. அங்கே புதுக் காரை மூன்று ஆண்டில் ஒருமுறையும், பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். செலவு ஏறுவதால் நல்ல நிலையிலேயே வண்டியைக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழிக்கப்பட்டவற்றின் எஞ்சின்கள்தான் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கு வருகின்றன. பத்து ஆண்டு வயதான மொடலுக்கு இந்த ஏற்பாடு சரிவரும். தொண்ணூறுகளின் 2சி எஞ்சினுக்கு? அதுவும் மருமகனின் எஞ்சினோடு பிறந்த எஞ்சின்தான். எவ்வளவு ஓடியது என்பதற்குச் சான்று இல்லை. எவ்வளவு காலம் முற்றத்தில் கிடந்து சீல்கள் காய்ந்தன என்பதற்கும் இல்லை. 2சியின் அடி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை தண்ணீர் வற்றிக் கொதித்தால் ஹெட் வால்வு இருக்கைகளுக்கு நடுவில் வெடிக்கும், இது அந்த எஞ்சினின் பேர்போன பலவீனம். வாங்கும் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கக் கடையில் விடுவார்களா? விடாவிட்டால், தெரிந்த நோயைக் கொடுத்துத் தெரியாத நோயை வாங்கியதாக முடியும்.

இன்னொன்று, கடதாசி. வண்டிப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அந்த எஞ்சின் எங்கே வாங்கியது, எப்படி நாட்டுக்குள் வந்தது என்ற பத்திரங்கள் கையில் இருக்க வேண்டும். இலக்கம் பிசகினால் விற்கும்போதும் வீதியில் மறிக்கும்போதும் பதில் சொல்ல வேண்டியவன் மருமகன், கடைக்காரன் அல்ல.

வண்டியையே விற்றுவிட்டு வேறு எடுக்கலாமே என்று மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நாட்டின் கதவு இன்னொரு முறையும் சாத்தப்பட்டதை நாங்கள் இப்போதுதான் அனுபவித்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் இருநூறு ரூபாய் அளவில் இருந்து முன்னூற்றறுபதுக்குத் தாவியது. அதே ஆண்டு யூலையில் கியூ.ஆர். அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். பழைய வண்டிகளின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது. தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்தும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் படுவான்கரையில் ஹயர் ஓடும் ஒருவனுக்கு அது எட்டாத தொகை. லீசிங்கில் எடுத்தால் மாதத் தவணைக்கே ஓட வேண்டும். வெள்ளம் வந்து ஹயர் இல்லாத மாதத்துக்கும் தவணை வரும்.

மொத்தத்தில், ஒஸ்டினைத் திருத்துவதா என்பதைப் பெரியப்பாவும், கொரோலாவைத் திருத்துவதா என்பதை மருமகனும் எஞ்சினை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கொடுத்து வைக்கவில்லை. கொழும்பில் எடுத்த முடிவுகளும், பாலத்தடியில் நின்ற சோதனைச் சாவடியும், டொலர் விலையும்தான் எங்கள் முற்றத்து வண்டியின் தலைவிதியை எழுதின. அறுபது ஆண்டுக்கு மேலாக இந்தக் கதவு சாத்துவதும் திறப்பதுமாக இருக்க, அது திறந்திருந்த காலத்தில் கைவித்தையைக் கைவிட்டது நாங்கள் செய்திருக்கக் கூடாத காரியம். இதை எனக்குக் கோபமாகவே சொல்ல வருகிறது.

லைனர் அடித்த தலைமுறையில் ஒருவர் இன்னும் இருக்கிறார். கண் மங்கல், கை நிதானம். அவரிடம் கொண்டுபோனோம்.

“பாக்காம எறியச் சொன்னது ஆரு? முதல்ல அளப்பம். மறுகா கதைப்பம்.”

ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளந்தார். மூன்று பரவாயில்லை, ஒன்று மிகவும் தாழ்வு. அதற்குள் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்ப அளந்தபோது முள் ஏறியது. ஒயில் விட்டதும் ஏறினால் கசிவு ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கற் என்று மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டரின் மேல்முனையில், ரிங் ஏறித் திரும்பும் இடத்தில், நகத்துக்குத் தட்டும் வரம்பு இருந்தது. ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே மயிரளவு வெடிப்பு ஒன்று. அதை ஒட்டிப் பயனில்லை, புது ஹெட் தனியாகக் கிடைக்கும் என்றார். அடிப்பகுதி நல்ல இரும்பு. இதுவரை யாரும் போர் பண்ணாத 86 மி.மீ. சிலிண்டர், 0.50 மி.மீ. கூடிய பிஸ்டனுக்கு இடம் தாராளமாக உண்டு.

கணக்குப் பார்த்தோம். புது ஹெட், பிஸ்டன், ரிங், பெயாரிங், கஸ்கற் செற், டைமிங் பெல்ற், லேத் கூலி எல்லாம் சேர்த்தால் செலவு ஜப்பான் எஞ்சினை நெருங்கித்தான் வருகிறது. அதிக மிச்சமில்லை. ஆனால் ஒவ்வொரு சாமானும் என்ன அளவு, எப்போது போட்டது என்று எங்களுக்குத் தெரியும். புத்தகத்து இலக்கமும் மாறாது. பதினைந்து நாள் ஹயர் போகும். அந்த நாள்களுக்கு ஆசிரியர்களை ஏற்ற மச்சான் ஒருவரின் வான் பேசியாயிற்று. நான் மருமகனுக்குச் சொன்னது திருத்து என்பதே. எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். புளொக் வெடித்த வண்டிக்கும், கொனறொட் உடைந்து சுவரைக் குத்திய வண்டிக்கும், நல்ல பத்திரத்தோடு வயது குறைந்த எஞ்சின் கிடைக்கும் மொடலுக்கும் மாற்றுவதே புத்தி.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அளக்கும்போதும் பூட்டும்போதும் மருமகனும் கராஜில் வேலை பழகும் பொடியனும் பக்கத்தில் நிற்க வேண்டும். பெரியவர் முதலில் முகம் சுளித்தார். பின்னர் மைக்ரோமீற்றரைப் பொடியனின் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முதல் வாசிப்புப் பிழை. திரும்ப வாசிக்கவைத்தார்.

புளொக் இப்போது கல்முனையில் ஒரு லேத்தில் இருக்கிறது. கிராங் இன்னும் அளக்கப்படவில்லை. கீழளவு பெயாரிங் கிடைக்கிற அளவுக்குள் கடைய முடிந்தால் கடைந்து போடுவோம். வெடிப்புக் கண்டால் மட்டும் பஞ்சிகாவத்தைக்குப் போவோம், அதுவும் கிராங் ஒன்றுக்காக.