ஒரு கிரெடிட் மரபு

பொறியியலோடு கலையும் படிக்க அமெரிக்கா போகவேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2022-லேயே முதலாண்டில் ‘தமிழர் மரபு’ பாடத்தைச் சேர்த்துவிட்டது. ஒரு கிரெடிட், மொத்தம் 15 பாடவேளை. பாறை ஓவியத்தில் தொடங்கி நவீன ஓவியம்வரை, சிற்பமும் உட்பட, 3 பாடவேளை. திணைக் கோட்பாட்டுக்கும் அதே 3. ஈராயிரம் ஆண்டுக்கு இது போதுமா என்று தமிழாசிரியர்கள் முனகலாம். பெரிய சுமையைச் சின்னப் பெட்டியில் அடைப்பதுதானே பொறியியல்! பிள்ளைகள் வினா வங்கியை உருப்போட்டுத் தேறிவிடுவார்களே என்றும் கேட்கலாம். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து நாம் விடாமல் காப்பாற்றி வரும் ஒரே மரபு மனப்பாடம்தான், அதிலா குறை? செய்முறைத் தேர்வு இல்லை என்பதும் அவசரப் பேச்சு. பாலைத் திணைக்கு உண்டு: பொருள்வயிற் பிரிவு. நாலாம் ஆண்டு முடிந்ததும், கோயம்பேட்டில், பெங்களூரு போகும் ராத்திரி பஸ்ஸில்.