கரையில் கால் வைத்தீரா?

வியட்நாம் காடுகளை மொட்டையடிக்க அமெரிக்கப் படை 1962 முதல் 1971 வரை களைக்கொல்லி தெளித்தது. பீப்பாயில் ஆரஞ்சுப் பட்டை போட்டிருந்ததால் ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ என்று பெயர். கேட்டால் ஏதோ குளிர்பானம் போலிருக்கும். உள்ளே இருந்தது டையாக்சின்.

வியட்நாமில் பணிபுரிந்த அமெரிக்கப் படைவீரருக்குச் சில நோய்கள் வந்தால் அவை இந்த நஞ்சால் வந்தவையாகவே கொள்ளலாம், இழப்பீடு கேட்கத் தனியாக நிரூபிக்க வேண்டாம் என்று 1991-ல் சட்டம் வந்தது. நல்ல மனசுதான். 2002-ல் அதிகாரிகளுக்குச் சந்தேகம் தட்டியது. “கரையில் கால் வைத்தீரா?” கப்பலிலேயே இருந்தவருக்குக் கைவிரித்துவிட்டார்கள்.

கப்பலில் என்ன குடித்தார்கள்? கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் குடித்தார்கள். சமைத்ததும் அதில்தான். கடலில் கலந்த டையாக்சின் வடித்தால் போகாது, இன்னும் செறிவாகும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்னதும் அதே 2002-ல்தான். ஆனால் தண்ணீருக்கு ஏது கால்?

நீதிமன்றப் படியேறி, 2019-ல் சட்டம் திருந்தி, 2020 ஜனவரி 1 முதல் கடலோடிகளுக்கும் கதவு திறந்தது. அதிலும் ஓர் எல்லை: 12 கடல் மைல். டையாக்சின் அதுவரை வந்து, பாஸ்போர்ட் இல்லாமல் திரும்பிவிடும் போலிருக்கிறது! ஆக, அரை நூற்றாண்டுக்கு முந்தைய கப்பல் குறிப்பேட்டில் எந்த நாள், எந்த அட்சரேகை என்று தேடவேண்டும்.

அந்த மண்ணிலேயே இரண்டு காலையும் ஊன்றி வாழ்ந்த வியட்நாமியர், களைக்கொல்லி தயாரித்த ரசாயன நிறுவனங்கள்மீது போட்ட வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 2005-ல் தள்ளுபடி செய்தது.