புடவைக்கு என்ன விலை சொன்னேன்?

அம்மா,

"பிரசவம் பாத்த நர்ஸுக்கு என்ன குடுத்தே?"ன்னு மூணு போன்லயும் கேட்டுட்டே. ரெண்டு தடவை சிக்னல் சரியில்லைன்னு சொன்னேன். சிக்னல் நன்னாத்தான் இருந்தது. நடந்ததை எழுதறேன், அப்பாகிட்ட மட்டும் படிச்சுக் காட்டாதே.

நீ வேர்க்க விறுவிறுக்கப் பனகல் பார்க் போய் நல்லியில வாங்கி அனுப்பின அரக்குப் பட்டு, குங்குமச் சிமிழ், ரவிக்கைத்துணி, கவர்ல நூத்தியோரு ரூபாய் எல்லாத்தையும் தட்டுல வெச்சுண்டு வார்டுக்குப் போனேன். இங்கே இங்கிலாந்துல சுகப்பிரசவம்னா டாக்டர் எட்டிக்கூடப் பாக்கறதில்லை, எல்லாம் மிட்வைஃப்தான். ராத்திரி பூரா கூடவே இருந்து நம்ம பொண்ணைக் கையில வாங்கின மாமி புடவையைத் தடவித் தடவிப் பாத்தா. "என்ன விலை இருக்கும்?"னு கேட்டா. சும்மா இருந்திருக்கலாம். "பதினோராயிரம்! 1928லேர்ந்து இருக்கற கடையாக்கும்!"னு ஆரம்பிச்சு, பவுண்டுலயும் மாத்திச் சொன்னேன். உடனே கையை எடுத்துட்டா.

இங்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கெல்லாம் 2017லேர்ந்து ஒரு விதிமுறை. அம்பது பவுண்டுக்கு மேல, அதாவது நம்ம கணக்குல கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய்க்கு மேல, நோயாளி குடுக்கறதைத் தனக்குன்னு வாங்கிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி பேர்ல வேணா வாங்கிக்கலாம். ஆஸ்பத்திரி பட்டுப்புடவை கட்டிண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போகும்? உடலை இந்த வருஷம், முந்தானையை அடுத்த வருஷம்னு குடுத்துடலாம்னு யோசிச்சேன். அதுவும் முழுசாப் பன்னிரண்டு மாசம் தள்ளித்தான். அதுக்குள்ளே குடுக்கறதையெல்லாம் ஒண்ணாக் கூட்டிடுவாளாம். விலை தெரியாட்டா நியாயமா ஒரு மதிப்புப் போடணுமாம். அந்த ரவிக்கைத்துணி நாலாத்துக் கொலு சுத்திட்டு நம்மாத்துக்கே திரும்பி வந்தது. அதுக்கு யார் மதிப்புப் போடறது?

நூத்தியோரு ரூபாய்தான் பெரிய குத்தம். ஒரு பவுண்டுகூடத் தேறாது. ஆனா காசுன்னா ஒத்தைப் பைசாவும் கூடாது. கவர்ல ஒட்டியிருந்த ஒத்தை ரூபாயை நான் நகத்தால சுரண்டி எடுத்ததை வார்டே நின்னு வேடிக்கை பாத்தது.

மறுநாள் தேன்குழலும் மிக்ஸரும் கொண்டுபோனேன். "நட்ஸ் இருக்கா?"ன்னா. வேர்க்கடலை, முந்திரி ரெண்டும் இருக்குன்னு பெருமையாச் சொன்னேன். அது ஆகாதாம். அந்த டப்பாவைக் காருக்குள்ளேயே உக்காந்து நானே தின்னேன்.

கடைசியில அந்த மாமியே வழி சொன்னா. "குடுக்கணும்னா ஒரு கடுதாசி எழுதிக் குடு." இவாளெல்லாம் மூணு வருஷத்துக்கு ஒரு தரம் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில்ல பதிவைப் புதுப்பிக்கணும். அதுக்குத் தன் வேலையைப் பத்தி வந்த அபிப்பிராயம் அஞ்சு காட்டணும். நம்ம கடுதாசி அதுல ஒண்ணாச் சேருமாம். பதினோராயிரம் ரூபாய்ப் பட்டுக்கு இல்லாத மவுசு ஒத்தைக் காகிதத்துக்கு!

அதை எழுத எனக்கு மூணு ராத்திரி ஆச்சு. "ரெஸ்பெக்டட் மேடம், வித் ரெஃபரன்ஸ் டு மை வைஃப்ஸ் டெலிவரி"ன்னு லீவ் லெட்டர் மாதிரியே வந்தது. உன் மாட்டுப்பொண்ணு கிழிச்சுப் போட்டுட்டு அவளே எழுதினா. கையெழுத்து மட்டும் என்னுது.

எனக்கு டைபாய்டு வந்தப்போ பாத்தாரே லஸ் டாக்டர், அவருக்கு அப்பா மே மாசம் மே மாசம் ஒரு பை பங்கனப்பள்ளி கொண்டு குடுப்பாரே. அவரும் ஒண்ணை எடுத்து மோந்து பாத்துட்டு, "இன்னும் ரெண்டு நாள் வைக்கோல்ல வைக்கணும்"னு பழத்துக்கும் வைத்தியம் சொல்லுவார். என்ன விலைன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. மூணு ராத்திரியும் எனக்கு அவர் ஞாபகம்தான். இந்த வருஷம் அப்பாவுக்கு முழங்கால் முடியலைன்னா ஆட்டோ வெச்சுண்டாவது போகச் சொல்லு. பணம் நான் அனுப்பறேன்.

புடவையைப் பத்திக் கவலைப்படாதே. ஃபால்ஸ்கூடத் தைக்காம உன் மாட்டுப்பொண்ணு நேத்திக்கே கட்டிண்டுட்டா.